பிளஸ் 2 ரிசல்ட்டில் 3.54% வித்தியாசம்தானா? பத்தாம் வகுப்பிலிருந்து எண்ணினால் 13%... பையன்கள் எங்கே போகிறார்கள்?

மே மாதம் வந்துவிட்டால் எல்லா சேனல்களிலும் ஒரு வரி ஓடும்: 'வழக்கம்போல் மாணவிகளே அதிக தேர்ச்சி'. வருஷத்தையும் சதவீதத்தையும் மாற்றினால் போதும், பழைய தலைப்பே புதுத் தலைப்பு ஆகிவிடும். 2025 மே 8 அன்று வெளியான பிளஸ் 2 ரிசல்ட்டிலும் அதேதான். மாணவிகள் 96.70%, மாணவர்கள் 93.16%. வித்தியாசம் 3.54%.

அட, மூணரை பர்சென்ட்தானே என்று கடந்து போய்விடலாம். அதிலும் கொங்கு மண்டலத்தில் கவலைப்பட என்ன இருக்கிறது? அந்த ரிசல்ட்டில் மாநில அளவில் ஈரோடு 2-வது இடம், திருப்பூர் 3-வது, கோவை 97.48% தேர்ச்சியுடன் 4-வது. அரியலூர் மட்டும்தான் மூன்றுக்கும் முன்னால் இருந்தது.

ஆனா துடியலூர் பக்கம் ஏதாவது ஒரு ஸ்கூல் வாசலில், பேரன்ட்ஸ் மீட்டிங் முடிகிற நேரத்தில் நின்று பார்த்தால் வேறு பேச்சுதான் காதில் விழும். "பொண்ணு தன்னால படிச்சுக்குதுங்க, பையனத்தான் புஸ்தகத்து முன்னாடி உக்கார வெக்க முடியல." அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வீடு, ஒரே ஸ்கூல், ஒரே டியூஷன். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

அதற்குப் பெற்றோர்கள் சொல்லும் காரணங்கள் நிறைய. அதில் எது சரி, எது சரியில்லை என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த மூணரை பர்சென்ட்டையே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தலைப்பில் வராத கணக்கு

2025-ல் பிளஸ் 2 எழுதியவர்களில் பெரும்பாலானோர் 2023-ல் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள். அந்த ஒரே செட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2023-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் மொத்தம் 9,14,320 பேர். அதில் பையன்கள் சுமார் 4.59 லட்சம், பெண்கள் சுமார் 4.55 லட்சம். அதாவது பையன்கள்தான் கொஞ்சம் அதிகம். இரண்டு வருஷம் கழித்து பிளஸ் 2 தேர்வு அறைக்கு வந்தவர்களை எண்ணினால், பெண்கள் சுமார் 4.19 லட்சம், பையன்கள் சுமார் 3.73 லட்சம்.

கணக்கு புரிகிறதா? நடுவில் பெண்களில் குறைந்தது சுமார் 36 ஆயிரம் பேர். பையன்களில் குறைந்தது சுமார் 86 ஆயிரம் பேர்.

ரிசல்ட் அன்றைக்குச் சொல்லும் 93.16% என்பது, கடைசி வரை தாக்குப்பிடித்து ஹால் டிக்கெட் வாங்கிய பையன்களுக்கான சதவீதம். நடுவில் போனவர்கள் அந்தக் கணக்கிலேயே கிடையாது. ஓட்டப் பந்தயத்தில் பாதியில் நின்றவனை விட்டுவிட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் வந்தவர்களை மட்டும் எண்ணுவது மாதிரி.

2025-ல் பிளஸ் 2 பாஸ் ஆன பையன்கள் 3,47,670 பேர். பெண்கள் 4,05,472 பேர். இதை 2023-ன் பத்தாம் வகுப்பு எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பத்தாவது எழுதிய 100 பெண்களுக்கு சுமார் 89 பேர் பிளஸ் 2 பாஸ். 100 பையன்களுக்கு சுமார் 76 பேர்தான். மூணரை அல்ல, பதின்மூன்று.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். இது ஒவ்வொரு மாணவரையும் பெயர் வாரியாகப் பின்தொடர்ந்து போட்ட கணக்கு இல்லை. சி.பி.எஸ்.இ.-யிலிருந்து வந்தவர்கள், அங்கே போனவர்கள், துணைத்தேர்வில் பாஸ் ஆகி ஒரு வருஷம் தள்ளிச் சேர்ந்தவர்கள் என்று முன்னே பின்னே இருக்கும். காணாமல் போன எல்லாருமே படிப்பை விட்டவர்களும் இல்லை. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போனவர்களும் அதில்தான் இருக்கிறார்கள். இருந்தாலும், பையன்கள் பின்தங்குவது பிளஸ் 2 பரீட்சையில் அல்ல, அதற்கு முன்னாலேயே என்பதை இந்த எண்ணிக்கை காட்டிவிடுகிறது.

எங்கே என்று இன்னும் நெருங்கிப் பார்த்தால், பத்தாம் வகுப்பு. 2023-ல் பத்தாவதில் பையன்கள் தேர்ச்சி 88.16%. பெண்கள் 94.66%. அந்த ஒரே தேர்வில் ஃபெயில் ஆன பையன்கள் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல். பெண்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அடுத்த வருஷம், 2024 பிளஸ் 1 தேர்வில் பெண்கள் 94.69%, பையன்கள் 87.26%.

'போன்தாங்க காரணம்'

பெற்றோர்களிடம் கேட்டால் முதல் பதில் இதுதான். கொரோனா சமயத்தில் ஆன்லைன் கிளாஸுக்காக வாங்கிக் கொடுத்தது, திரும்பக் கைக்கு வரவே இல்லை என்பார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 18 வயது உள்ளவர்களிடம் எடுக்கப்பட்ட 2023 'அசர்' ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக போன் வைத்திருந்த பையன்கள் 43.7%. பெண்கள் 19.8%. இரண்டு மடங்குக்கு மேல்.

ஆனா இந்தப் புள்ளிவிவரம் போனைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதை வாங்கிக் கொடுப்பவர்களைப் பற்றியும் பேசுகிறது. பையன் கேட்டால் போன், பொண்ணு கேட்டால் "காலேஜ் போறப்ப பாத்துக்கலாம்". அக்கா அம்மாவின் போனில் ஹோம்வொர்க் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். தம்பி போர்வைக்குள் ரீல்ஸ் பார்க்கிறான். போன் மேல் பழி போடும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பையன்-பெண் தேர்ச்சி இடைவெளி ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்னாலேயே இருந்தது. 'மாணவிகளே அதிகம்' என்ற தலைப்பை பேப்பரில் படித்து வளர்ந்தவர்கள்தான் இன்றைக்குப் பெற்றோர்களாக இருப்பவர்கள்.

'பாய்ஸ் ஸ்கூல்ல போட்டிருந்தா படிச்சிருப்பான்'

பொண்ணுங்க கூடப் படிப்பதால் கவனம் சிதறுகிறது என்ற எண்ணம் கோவைப் பக்கம் ரொம்பவே உண்டு. 2025 பிளஸ் 2 முடிவுகளில் பள்ளி வகைவாரியாகப் பார்த்தால், பெண்கள் பள்ளிகள் 96.50%, இருபாலர் பள்ளிகள் 95.30%, ஆண்கள் பள்ளிகள் 90.14%. ஆண்கள் பள்ளிகள்தான் கடைசி.

இதை வைத்து ஆண்கள் பள்ளிகளே மோசம் என்று முடிவு கட்டிவிட முடியாது. அவற்றில் பெரும்பாலானவை அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளிகள், வேறு வழியில்லாத குடும்பத்துப் பையன்களும் அங்கேதான் வருகிறார்கள். ஆனா 'பொண்ணுங்க இல்லாட்டி படிச்சிருவான்' என்ற கணக்குக்கு இதில் ஆதரவு இல்லை.

'பொண்ணுங்க கையெழுத்துக்கு மார்க் போட்டுடறாங்க'

இதுவும் அடிக்கடி வருகிற பேச்சு. பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயர் இருக்காது. பார்கோடு உள்ள முகப்புத் தாளைப் பிரித்த பிறகுதான் திருத்துபவர் கைக்கே பேப்பர் போகும். வேறு பள்ளி ஆசிரியர், கையில் விடைக்குறிப்பு. பையனா பொண்ணா என்று பார்த்து மார்க் போடும் வாய்ப்பு அங்கே கிட்டத்தட்ட இல்லை. கையெழுத்து நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு மார்க் கூடக் குறையலாம், சரி. 54 ஆயிரம் பேர் ஃபெயில் ஆனதற்கு அது காரணமாக முடியாது. பாஸ் மார்க்கே 35தான்.

'வாத்தியார் அடிக்கறதே இல்லீங்க, ஆல் பாஸ் வேற'

பள்ளியில் அடிப்பதை 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் போடக்கூடாது என்பதும் அந்தச் சட்டத்தோடு வந்ததுதான். 2024 டிசம்பரில் மத்திய அரசு 5, 8-ம் வகுப்புகளில் மாற்றம் கொண்டு வந்தபோதும், தமிழ்நாடு அரசு 8-ம் வகுப்பு வரை பழைய முறையே தொடரும் என்று அறிவித்தது.

ஆனா இந்த இரண்டும் பெண்களுக்கும் சேர்த்துத்தானே? அதே கிளாஸ், அதே பிரம்பில்லாத வாத்தியார், அதே ஆல் பாஸ். அவர்கள் மட்டும் எப்படி 95% பாஸ் ஆகிறார்கள்? அடி கிடைக்காததால்தான் பையன் கெட்டான் என்றால், பெண்ணும் கெட்டிருக்க வேண்டும்.

ஆல் பாஸ் பற்றிய குறையில் ஒரு பாதி மட்டும் சரி. பையன் எங்கே தடுமாறுகிறான் என்பது எட்டாவது வரை வீட்டுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஒன்பதாவதில் திடீரென்று கெட்டுப்போன மாதிரி தெரிகிறது. உண்மையில் பிரச்னை மூன்றாவது, நான்காவதிலேயே ஆரம்பித்திருக்கும்.

வாசிப்பில் விழும் முதல் ஓட்டை

இது துடியலூரின் பிரச்னை மட்டுமில்லை, தமிழ்நாட்டின் பிரச்னை மட்டும்கூட இல்லை. 15 வயது மாணவர்களை உலக அளவில் சோதிக்கும் 'பிசா' தேர்வில், 2022-ல் வளர்ந்த நாடுகளின் சராசரியை எடுத்தால் வாசிப்பில் பெண்கள் 24 புள்ளிகள் முன்னால். கணக்கில் பையன்கள் 9 புள்ளிகள் முன்னால். நம்ம ஊர் அசர் ஆய்விலும் இதே சாயல்தான். இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தாய்மொழியில் சரளமாக வாசித்தவர்கள், பெண்களில் 76%, பையன்களில் 70.9%. கணக்கிலும் ஆங்கில வாசிப்பிலும் பையன்கள் முன்னால்.

அப்படியானால் பையனுக்கு மூளை இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. கணக்கு வருகிறது, வாசிப்பு வரவில்லை. இதில் சிக்கல் என்னவென்றால், பள்ளிக்கூடம் முழுக்க வாசிப்பில்தான் ஓடுகிறது. சமூக அறிவியல் நெடுவினா, அறிவியல் விளக்கம், தமிழ் உரைநடை, ஏன் கணக்கிலேயே வாய்மொழிக் கணக்கு என எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக வாசித்துப் புரிந்து, திருப்பி எழுத வேண்டும். வாசிக்கத் தடுமாறுகிறவனுக்கு ஒன்பதாவது புத்தகம் ஒவ்வொரு பக்கமும் மலைதான். அவன் புத்தகத்து முன்னாடி உட்காராததற்குத் திமிர் காரணமாக இருக்கலாம், கூச்சமும் காரணமாக இருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எழுத்துகளை இனம் காண்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா, ஒரே இடத்தில் கவனம் நிற்காத ஏ.டி.எச்.டி. இரண்டும் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் அதிகமாகக் கண்டறியப்படுகின்றன. அப்படிப்பட்ட குழந்தையை 'சோம்பேறி' என்று முத்திரை குத்திப் பத்து வருஷம் ஓட்டிவிடும் வீடுகள் நிறைய.

2022-ல் யுனெஸ்கோ, ஆண் குழந்தைகள் படிப்பிலிருந்து விலகுவது பற்றித் தனியாக ஓர் உலக அறிக்கையே வெளியிட்டது. பள்ளிக்கு வெளியே இருக்கும் ஆண் குழந்தைகள், இளைஞர்கள் உலகம் முழுக்க 13 கோடிக்கு மேல் என்றது அந்த அறிக்கை. வேலைக்குப் போக வேண்டிய கட்டாயத்தையும், 'ஆம்பளைன்னா இப்படித்தான்' என்ற எதிர்பார்ப்பையும் அது முக்கியக் காரணங்களாகச் சொன்னது. துடியலூருக்கு இந்த இரண்டுமே நன்றாகவே பொருந்தும்.

ஒரே வீடு, ரெண்டு சட்டம்

சாயங்காலம் ஆறு மணி. பொண்ணு வீட்டுக்குள். பையன் எங்கே? "இங்கதாங்க, கிரவுண்டுக்குப் போயிருப்பான்." எட்டு மணிக்கும் அதே பதில்தான்.

பொண்ணுக்கு வெளியே போக அனுமதி இல்லை என்பதை நல்ல விஷயமாகச் சொல்லவில்லை. ஆனா அந்த அடைப்புக்குள் அவளுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் புத்தகத்தோடு கிடைத்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, பரீட்சை அவளுக்கு என்னவாக இருக்கிறது என்பது. மார்க் வாங்கினால் காலேஜ், வேலை, வெளியூர். வாங்காவிட்டால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். 2019-21-ல் எடுக்கப்பட்ட 5-வது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8% பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. படிப்பு அவளுக்குக் கதவு. அது மூடினால் என்ன நடக்கும் என்று பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தே தெரிந்து வைத்திருக்கிறாள்.

பையனுக்கு அந்தப் பயம் இல்லை. "படிக்காட்டிப் போறான், கம்பெனியில சேத்து உட்டாப் பொழச்சுக்குவான்" என்று அவன் காதுபடவே பேசுகிறோம். ஏழாவது படிக்கும்போதே மாற்று வழி தயாராக இருப்பதை அவன் கேட்டு வளர்கிறான். அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது?

கம்பெனி கூப்பிடும் தூரம்

கொங்குப் பகுதியில் 'கம்பெனி' என்றால் ஐ.டி. ஆபீஸ் மட்டுமில்லை. லேத் பட்டறை, பவுண்டரி, பம்ப்செட், மோட்டார் வைண்டிங், ஜாப் ஒர்க் யூனிட் எல்லாமே கம்பெனிதான். துடியலூர் 2011-ல் கோவை மாநகராட்சியோடு இணைவதற்கு முன்னாலேயே, வடக்கே பெரியநாயக்கன்பாளையம் வரை மேட்டுப்பாளையம் ரோட்டின் இரண்டு பக்கமும் மில்லும் மெஷின் தொழிலும்தான் சோறு போட்டன. அந்த ஊரின் பெருமையே அது. மூன்றாவது வரை படித்தவர் லேத் ஓட்டி, அப்புறம் சொந்தமாக நாலு மெஷின் போட்டு, பையனை இன்ஜினீயர் ஆக்கிய கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கும்.

அந்தக் கதைதான் இப்போது சிக்கல். அப்பா, மாமா, சித்தப்பா தலைமுறையில் படிக்காமல் முன்னேற முடிந்தது. அப்போது கையால் ஓட்டும் லேத். கண் பார்த்ததைக் கை செய்துவிடும். இன்றைக்கு சி.என்.சி., வி.எம்.சி. மெஷின். ட்ராயிங் படிக்கத் தெரிய வேண்டும், புரோகிராம் திருத்தத் தெரிய வேண்டும், அளவில் மைக்ரான் கணக்கு. ஆபரேட்டர் வேலைக்கே ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ கேட்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் போகிற பையனுக்குக் கிடைப்பது ஹெல்பர் வேலை. அந்த வேலைக்கு பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

17 வயசில் இது தெரியாது. சனிக்கிழமை கையில் சம்பளம் வருகிறது. கூடப் படித்தவன் இன்னும் அம்மாவிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்கிறான். இவனிடம் புது போன், கொஞ்ச நாளில் பைக் தவணை. ஸ்கூலில் 35 மார்க்குக்குத் திட்டு வாங்கியவனுக்குப் பட்டறையில் "தம்பி, இதப் புடி" என்று ஒரு மரியாதை கிடைக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. 25 வயசில், டிப்ளமோ முடித்து அதே கம்பெனிக்கு சூப்பர்வைசராக வருகிற பழைய கிளாஸ்மேட்டைப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது முடியாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. வீட்டுத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரை ஆபத்தான வேலைகளில் வைக்கவே கூடாது. 'லீவுக்குத்தானே போறான்' என்று ஆரம்பிக்கும் மே மாத வேலை, ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது நிற்காமல் போவதுதான் இந்தப் பக்கம் வழக்கமான பாதை.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல், கடன் கழுத்தை நெரித்து, வேறு வழியே இல்லாமல் வேலைக்குப் போகும் பையன்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி 'படிக்கப் பிடிக்கவில்லை' என்று பேசுவது அநியாயம். குடும்பத்தில் பணமுடை வந்தால் முதலில் பையன் படிப்பை நிறுத்துவது கொங்கில் மட்டுமில்லை, பல ஊர்களிலும் நடப்பதுதான்.

பிளஸ் 2 போகாதவன் எல்லாம் தோற்றவன் இல்லை

இங்கே பெற்றோர்கள் பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. கோவை அரசு ஐ.டி.ஐ. இருப்பதே மேட்டுப்பாளையம் ரோட்டில் ஜி.என்.மில்ஸ் பகுதியில், துடியலூருக்கு முந்தின ஸ்டாப் மாதிரிதான். சில தொழிற்பிரிவுகளுக்கு எட்டாவது பாஸ் போதும், பெரும்பாலானவற்றுக்குப் பத்தாவது. அரசு ஐ.டி.ஐ.-யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் வழி இருக்கிறது.

கையால் செய்வதில் ஆர்வம் உள்ள பையனைப் பிளஸ் 1-ல் பிடிக்காத குரூப்பில் தள்ளி இரண்டு வருஷம் வீணாக்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனா ஐ.டி.ஐ.-க்குப் போவதும், நேராகப் பட்டறைக்குப் போவதும் ஒன்றல்ல. வீட்டில் இரண்டையும் 'தொழில் கத்துக்கறான்' என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். முதலாவதில் சான்றிதழ் கையில் இருக்கும், அடுத்த படிக்கட்டும் இருக்கும்.

அரசு என்ன செய்கிறது?

அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் ஆரம்பித்தது. அதே தொகையைப் பையன்களுக்குத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது. முதல்வர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்த இடம் கோவை அரசு கலைக் கல்லூரி. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு இது பொருந்தும். காலேஜ் டிகிரி மட்டுமில்லை, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்பவர்களும் கேட்டு வாங்க வேண்டிய பணம் இது.

நல்ல திட்டம்தான். ஆனா இந்த 1,000 ரூபாய் பள்ளி தாண்டியவனுக்கு. நாம் பார்த்த 86 ஆயிரத்தில் பெரும்பகுதி அதற்கு முன்னாலேயே நழுவிவிடுகிறது. அந்த இடத்தைத் தொடுவது, 2025-26-ல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ம் வகுப்பு வரை வந்த 'திறன்' பயிற்சி. தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படையே வராத பிள்ளைகளைத் தனியாக அடையாளம் கண்டு சொல்லிக் கொடுப்பது இதன் வேலை. 2025 ஆகஸ்ட் 8-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பிளஸ் 1 பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டது. வரிசையாக மூன்று வருஷம் பொதுத்தேர்வு என்ற அழுத்தம் குறைந்திருக்கிறது. அதே சமயம், பையன் பிளஸ் 1-ல் சறுக்கினால் அது வெளியே தெரிய இனி பள்ளித் தேர்வுகள் மட்டும்தான்.

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பையன்-பெண் இடைவெளி 2022-ல் 8.55%. 2023-ல் 6.50%, 2024-ல் 5.95%, 2025-ல் 4.14% என்று வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பெண்கள் சறுக்கியதால் இல்லை. பையன்கள் 85.83%-லிருந்து 91.74%-க்கு ஏறியதால். கொரோனாவில் விட்டதைப் பிடித்தது இதில் எவ்வளவு, பள்ளிகளின் முயற்சி எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனா 'பையன்னா அப்படித்தான்' என்பது இயற்கை விதி என்றால் மூன்றே வருஷத்தில் இந்த அளவு மாறியிருக்காது.

உங்கள் வீட்டுப் பையன் ஏழு, எட்டு, ஒன்பது படிக்கிறானா?

மார்க் ஷீட்டை ஓரமாக வையுங்கள். அவனுடைய சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் என்ன புரிந்தது என்று கேளுங்கள். தங்கை, அக்கா முன்னால் வேண்டாம். அங்கே தடுமாறினால் டியூஷன் மாற்றுவதால் பலன் இல்லை, வாசிப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அரசுப் பள்ளி என்றால் 'திறன்' வகுப்பில் பையன் இருக்கிறானா என்று கிளாஸ் டீச்சரிடம் கேட்கலாம். எழுத்து இடம் மாறுவது, வரி தாண்டுவது தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டிஸ்லெக்ஸியா என்று மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. இதற்கு ரிசல்ட் வரை காத்திருக்கக் கூடாது, பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பைக் சாவி விஷயத்தில் செல்லம் வேண்டாம். 18 வயது ஆகாத பையன் பைக் ஓட்டிப் பிடிபட்டால், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி மாட்டுவது பெற்றோர் அல்லது வண்டி ஓனர்தான். 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில், வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்பதும் சட்டம். பெட்டிக் கடையில் விற்பது தெரிந்தால் போலீஸில் புகார் கொடுக்கலாம்.

பத்தாவதில் ஃபெயில் ஆகிவிட்டானா? அதே வருஷத்திலேயே துணைத்தேர்வு வந்துவிடும். ஃபெயில் ஆன பாடத்தை மட்டும் எழுதினால் போதும், பாஸ் ஆனால் அதே கல்வியாண்டிலேயே பிளஸ் 1, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர வாய்ப்பு இருக்கிறது. ரிசல்ட் வந்த வாரமே பையனை லேத்துக்கு அனுப்பும் வீடுகளில் இந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி பெரும்பாலும் தெரியாமலே போய்விடுகிறது. படித்த பள்ளியில் கேட்டாலே சொல்வார்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.